அடி ஸ்கேலும் பார்சிலோனாவும்: மக்கள் தொடர்புத் துறை அளக்கக் கற்ற கதை

மக்கள் தொடர்பு படிக்க வரும் மாணவர்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பில் பேச்சு குறைவு. ஆளுக்கு ஒரு அடி ஸ்கேல், இரண்டு செய்தித்தாள் கிளிப்பிங், கணக்குப் போட செல்போன். அவ்வளவுதான். இரண்டு கிளிப்பிங்கும் ஒரே கற்பனை மருத்துவமனையைப் பற்றியவை. வகுப்புக்காக நானே எழுதி, செய்தித்தாள் பக்கம் போலவே அச்சடித்து வைத்திருக்கிறேன். ஒன்று, அந்த மருத்துவமனை நடத்திய இலவசக் கண் பரிசோதனை முகாம்: மூன்று பத்தி அகலம், 10 செ.மீ. உயரம். இன்னொன்று, கட்டணக் கொள்ளை என்று சொல்லி நோயாளியின் உறவினர்கள் வாசலில் செய்த மறியல்: நான்கு பத்தி அகலம், படத்தோடு 15 செ.மீ. உயரம்.

பலகையில் ஒரு விளம்பரக் கட்டணம் எழுதுவேன். சதுர செ.மீ.க்கு 1,000 ரூபாய். கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்தான். ஒரு பத்தி 4 செ.மீ. என்று கொண்டு பரப்பளவு பார்த்துப் பெருக்கச் சொல்வேன். முடித்ததும், "விளம்பரத்தைவிடச் செய்தியை மக்கள் அதிகம் நம்புவார்கள், அதனால் மூன்றால் பெருக்குங்கள்" என்பேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

முகாம் செய்தி 120 சதுர செ.மீ.; மூன்றால் பெருக்கினால் 3,60,000 ரூபாய். மறியல் செய்தி 240 சதுர செ.மீ.; 7,20,000 ரூபாய். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அப்புறம் யாராவது ஒருவர் தயங்கிக் கேட்பார்: "மேம், மறியலுக்குத்தான் டபுளா மதிப்பு வருது. நான் எங்கேயாவது தப்பா அளந்துட்டேனா?"

தப்பாக அளக்கவில்லை. அந்த அளவுகோலே அப்படித்தான். துறையில் அதற்கு ஏ.வி.இ. என்று பெயர். செய்தி வந்த இடத்தை விளம்பரமாக வாங்கியிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று பார்த்து, அந்தத் தொகையையே நம் உழைப்பின் மதிப்பு என்று கிளையன்டிடம் காட்டுவது. தமிழில் விளம்பரச் சமமதிப்பு எனலாம். பல ஆண்டுகளாக உலகம் முழுக்க மக்கள் தொடர்பு (பி.ஆர்.) ஏஜென்சிகளின் மாத ரிப்போர்ட்டில் கடைசி வரியில் தடித்த எழுத்தில் நின்றது இந்த எண்தான். அதை அங்கிருந்து நகர்த்த உலகளவில் நடந்த முயற்சிதான் இந்த ஆய்வின் பொருள். ஒரு தொழிலுக்குள் புதுமை எப்படி நுழைகிறது, அதில் கல்வியின் பங்கு எவ்வளவு என்று என்னை யாராவது கேட்டால் நான் எடுத்துக்காட்டுவது இந்த நிகழ்வைத்தான்.

ஸ்கேல் என் மேசையிலும் இருந்தது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலை ஆறு மணிக்கெல்லாம் ஆபீசில் இருப்பேன். பேப்பர் கட்டு அதற்கு முன்பே வந்திருக்கும். கிளையன்ட் பெயர் எங்கே வந்திருக்கிறது என்று தேடி, வட்டம் போட்டு, பிளேடால் வெட்டி, ஏ4 தாளில் ஒட்டி, மேலே பத்திரிகை பெயர், பதிப்பு, தேதி, பக்க எண் எழுத வேண்டும். அப்புறம் ஸ்கேல். உயரம், அகலம், ரேட் கார்டு எனும் பத்திரிகையின் விளம்பர விலைப் பட்டியல், பெருக்கல். மாதக் கடைசியில் அது ஒரு தடித்த ஃபைல் ஆகும். கூட்டுத்தொகை சில சமயம் கோடியைத் தொடும். கிளையன்ட் எங்களுக்குக் கொடுத்த மாதக் கட்டணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றுக்கு இருபது முப்பது மடங்கு லாபம் என்று தோன்றும். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒருமுறை ஒரு கிளையன்டின் தொழிற்சாலையில் பெரிய பிரச்சினை ஒன்று வரவிருந்தது. எங்கள் சீனியர் ஒருவர் மூன்று நாள் தூங்காமல் நிர்வாகத்தையும் ஊர்க்காரர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைத்தார். பிரச்சினை தணிந்தது. ஒரு வரிகூடச் செய்தி வரவில்லை. அந்த மாத ரிப்போர்ட்டில் அவருடைய வேலைக்குக் கிடைத்த மதிப்பு பூஜ்யம். நான் பார்த்ததிலேயே சிறந்த மக்கள் தொடர்புப் பணி அதுதான். அதை எழுத எங்கள் எக்செல்லில் ஒரு கட்டம்கூட இல்லை. இதை இன்றும் ஆற்றாமையோடுதான் நினைக்கிறேன்.

அளவுகோல் தவறானால் ரிப்போர்ட் மட்டும் கெடுவதில்லை, வேலையும் அதன் பின்னால் போய்விடும். இடத்தை வைத்து மதிப்பு என்றால் எல்லோரும் இடத்தைப் பிடிக்கத்தான் ஓடுவார்கள். மக்களிடம் போய்ப் பேசுவது, அவர்கள் சொல்வதைக் கேட்டு நிர்வாகத்திடம் கொண்டு சேர்ப்பது, தவறான முடிவை எடுக்கும் முன்பே தடுப்பது எல்லாம் மெல்ல மெல்லக் கைவிட்டுப்போகும். நம் ஊரில் பி.ஆர்.ஓ. என்றதும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துப் பிரஸ் நோட்டும் சினிமா போஸ்டரில் வரும் பெயரும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அதற்கும் இந்த அளவுகோலுக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன்.

தெரியாமல் இல்லை

இந்த நிகழ்வில் என்னை முதலில் உறுத்தியது இதுதான்: சரியான அளவுகோல் எது என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. அமெரிக்காவில் பல தலைமுறை மாணவர்கள் படித்த ஸ்காட் கட்லிப், ஆலன் சென்டர், கிளென் புரூம் பாடநூலின் 1985 பதிப்பிலேயே தயாரிப்பு, செயலாக்கம், தாக்கம் என்று மூன்று நிலைகளில் மதிப்பிட வேண்டும் என்று இருந்தது. 1993-ல் வால்டர் லிண்டன்மன் இன்னும் எளிதாக்கினார். செய்தி வெளிவந்ததா என்பது முதல் படி. வாசகர் அதைப் பார்த்தாரா, புரிந்துகொண்டாரா, நினைவில் வைத்தாரா என்பது இரண்டாம் படி. அவருடைய கருத்தோ நடத்தையோ மாறியதா என்பது மூன்றாம் படி. இவர் பல்கலைக்கழகத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தவர் இல்லை. கெட்சம் என்ற பெரிய ஏஜென்சியில் ஆய்வுப் பிரிவை நடத்தியவர்.

மூன்றால் பெருக்குவது, ஏழால் பெருக்குவது என்ற பழக்கத்துக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. டேவிட் மைக்கேல்சன், டான் ஸ்டாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000களின் பிற்பகுதியில் ஒரு சோதனை செய்தார்கள். சந்தையில் இல்லாத ஒரு சிப்ஸ் வகையைக் கற்பனையாக உருவாக்கி, சிலருக்கு அதை விளம்பரமாகக் காட்டினார்கள், சிலருக்குச் செய்தியாகக் கொடுத்தார்கள். செய்தியாகப் படித்தவர்கள் மீது விளைவு இத்தனை மடங்கு அதிகம் என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை.

புத்தகத்தில் இருக்கிறது, ஆய்வும் சொல்கிறது. அப்படியானால் 1985-ல் அந்தப் பாடநூலைப் படித்து வெளியே வந்தவர்கள், 2010-ல் துறையின் தலைமை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோதும் ஸ்கேல் ஏன் நின்றது?

இதற்கு விடை, அமெரிக்க மக்கள் தொடர்புப் பேராசிரியர் ஜேம்ஸ் குரூனிக் தலைமையில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் இருக்கிறது என்பது என் கருத்து. 1985-ல் தொழில் தொடர்பாளர்களுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் ஆய்வு அமைப்பு 4 லட்சம் டாலர் கொடுத்து இதைத் தொடங்கியது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்று நாடுகளிலும் 300-க்கு மேற்பட்ட அமைப்புகளைப் பார்த்தார்கள். கேள்வி ஒன்றுதான்: சில அமைப்புகளில் மட்டும் மக்கள் தொடர்பு சிறப்பாக இருக்கிறதே, ஏன்? நடு மையத்தில் அவர்கள் கண்டது அறிவு: அந்தத் துறையில் இருப்பவர்களுக்கு ஆய்வு செய்யவும், இருபக்கமும் பேசவும், நிர்வாகத்தோடு உட்கார்ந்து திட்டமிடவும் தெரியுமா என்பது. ஆனால் அந்த மையத்தைச் சுற்றி அடுத்த வட்டமாக அவர்கள் வரைந்தது, மேலிடத்தின் எதிர்பார்ப்பு. மேலே இருப்பவர்கள் நல்ல வேலையைக் கேட்க வேண்டும், கீழே இருப்பவர்களுக்கு அதைக் கொடுக்கத் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சக்கரம் சுழலாது.

சரி, ஏ.வி.இ. விஷயத்தில் நடந்ததும் இதுவே. கொடுக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. நிதிப் பிரிவிலிருந்து "ரூபாயில் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். ரூபாயில் முடியும் எண் இது ஒன்றுதான் கையில் இருந்தது. மலிவும்கூட. ஒரு கருத்துக்கணிப்பு நடத்தப் பணமும் நாளும் வேண்டும். ஸ்கேலுக்கு ஒரு பயிற்சி ஊழியர் போதும்.

பார்சிலோனா, 2010 ஜூன்

அளவீட்டையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கம் ஏமெக். 1996-ல் தொடங்கியது. அதன் ஐரோப்பிய மாநாடு 2010 ஜூனில் பார்சிலோனாவில் நடந்தது. 33 நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். ஐந்து அமைப்புகள் சேர்ந்து தயாரித்த ஏழு கொள்கைகள் அங்கே வாக்கெடுப்புக்கு வைக்கப்பட்டன.

ஏழும் இன்று படித்தால் எளிமையாகத் தெரியும். குறிக்கோளும் அளவீடும் முக்கியம். வெளியீட்டைவிட (எத்தனை செய்தி வந்தது), விளைவை (மக்களிடம் என்ன மாறியது) அளப்பது மேல். கிளையன்டின் தொழில் பலனில் ஏற்பட்ட மாற்றத்தையும் முடிந்த இடத்தில் அளக்க வேண்டும். ஊடக அளவீட்டில் எண்ணிக்கை மட்டும் போதாது, தரமும் வேண்டும். சமூக ஊடகத்தையும் அளக்க முடியும், அளக்கவும் வேண்டும். அளவீடு வெளிப்படையாக, இன்னொருவர் செய்து பார்க்கும்படி இருக்க வேண்டும். ஐந்தாவதை வேண்டுமென்றே கடைசிக்கு விட்டேன்: ஏ.வி.இ. என்பது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது.

ஒரு தொழில் தன் ரிப்போர்ட்டின் கடைசி வரியைத் தானே பொய் என்று ஒப்புக்கொண்ட தருணம் அது. அதற்குத் துணிச்சல் வேண்டும். அந்த அறையில் உட்கார்ந்திருந்த பலருடைய நிறுவனங்கள் அந்த எண்ணை விற்றுத்தான் பிழைத்துக்கொண்டிருந்தன.

ஆனால் தீர்மானத்தால் மட்டும் எதுவும் மாறிவிடவில்லை. 2010-க்குப் பிறகும் எங்கள் அலுவலகம் உட்பட எத்தனையோ இடங்களில் எதுவுமே நடக்காத மாதிரி அளந்துகொண்டிருந்தோம். பார்சிலோனா என்றால் எங்களுக்குக் கால்பந்துதான். அந்த ஏழு கொள்கைகளை நான் முதன்முதலில் படித்ததே சில வருடங்கள் கழித்து. சொல்லித்தர யாரும் இல்லை, தேர்விலும் கேட்கவில்லை, கிளையன்டும் கேட்கவில்லை.

ஏமெக்காரர்களுக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. அடுத்த வருடம் லிஸ்பனில் கூடியபோது அவர்கள் எடுத்துக்கொண்ட முன்னுரிமைகளில் ஒன்று, கிளையன்டுகளுக்குக் கற்றுக்கொடுப்பது. வெளியீடு, விளைவு, தொழில் பலன் மூன்றையும் அளந்து தரும்படி கிளையன்டே வற்புறுத்தும் நிலையைக் கொண்டுவர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். என்னைப் பொறுத்தவரை, இந்தக் கதை திரும்புவது பார்சிலோனாவில் இல்லை, லிஸ்பனில்தான்.

இரண்டாவது டப்பா

கொள்கை சொல்வது ஒன்று, திங்கட்கிழமை காலை ஆபீசில் உட்கார்ந்து எதை நிரப்புவது என்பது வேறு. "ஏ.வி.இ. வேண்டாம், சரி, அதற்குப் பதில் என்ன?" என்று கேட்டவர்களுக்கு ஏமெக் 2016-ல் ஒரு கருவியைக் கொடுத்தது. ஒருங்கிணைந்த மதிப்பீட்டுச் சட்டகம் என்று பெயர். இணையத்தில் இலவசம். பல மொழிகளில் கிடைக்கிறது. குறிக்கோளில் தொடங்கி உள்ளீடு, செயல்பாடு, வெளியீடு, உள்வாங்கல், விளைவு, தாக்கம் என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போக வேண்டும். தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் சாயல் பழக்கமானது. லாக் ஃபிரேம் என்று அவர்கள் வருடக்கணக்கில் நிரப்பி வரும் அட்டவணையின் பங்காளிதான் இது. பொதுத்திட்ட மதிப்பீட்டில் விளைந்ததை மக்கள் தொடர்புத் துறை தன் வயலுக்குக் கொண்டுவந்து நட்டது. பக்கத்து வீட்டில் கற்றுக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்தச் சட்டகத்தை வகுப்பில் நான் எப்படி நடத்துகிறேன் என்று சொன்னால்தான் அதன் அருமை விளங்கும்.

ஒரு கற்பனை நகராட்சி. வீடுகளில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுப்பதில்லை. திடக்கழிவு மேலாண்மை விதிகள் பிரிக்கச் சொல்கின்றன, மக்கள் பிரிப்பதில்லை. திட்டம் போடுங்கள் என்று விட்டுவிடுவேன். முதல் முறை எல்லாக் குழுவும் ஒரே மாதிரிதான் எழுதும். குறிக்கோள் என்ற கட்டத்தில் "விழிப்புணர்வு ஏற்படுத்துதல்", அதற்குக் கீழே "50 செய்திகள் வரச்செய்தல்". ஒரு நடிகரை வைத்து வீடியோ. கல்லூரி மாணவர் பேரணி.

அந்தத் தாள்களை வாங்கி வைத்துவிட்டு, மறுநாள் காலை ஆறரைக்கு ஒரு தெருவுக்கு வரச் சொல்வேன். குப்பை வண்டியோடு நடக்க வேண்டும். எந்த வீட்டில் பிரிக்கிறார்கள், எந்த வீட்டில் இல்லை என்று அந்தத் தெருவின் தூய்மைப் பணியாளருக்குத் தெரிந்த மாதிரி எந்தக் கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்கும் தெரியாது. ஒருமுறை ஒரு மாணவி, பிரிக்காமல் ஒரே வாளியில் கொண்டுவந்து கொட்டிய ஒரு அம்மாவிடம் கேட்டாள், "பிரிச்சுப் போடணும்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?" அந்த அம்மா சொன்னார்: "தெரியும் கண்ணு. வாரா வாரம் மைக்குல சொல்லிட்டுதானே போறாங்க. வீட்டுல ரெண்டாவது டப்பா இல்ல. இருக்கிற இடத்துல எங்க வைக்கறது?"

வகுப்புக்குத் திரும்பியதும் அவளே தன் குழுவின் தாளை எடுத்து "விழிப்புணர்வு" என்ற சொல்லை அடித்தாள். விழிப்புணர்வு ஏற்கெனவே இருக்கிறது. ஐம்பது செய்தி வந்தாலும் அந்தச் சமையலறையில் இரண்டாவது டப்பாவுக்கு இடம் வராது. புதுத் தாளில் அவள் எழுதிய குறிக்கோள் இப்படி இருந்தது: "ஆறு மாதத்தில் இந்த வார்டில் பிரித்துக் கொடுக்கும் வீடுகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்குவது." முதல் செயல்பாடு, நகராட்சியிடம் பேசி, சுவரில் மாட்டும்படியான சின்ன டப்பா கொடுக்கச் சொல்வது. பிரஸ் மீட் நான்காவது இடத்துக்குப் போனது.

மக்கள் தொடர்பில் புதுமை என்று நான் சொல்வது இதைத்தான். புதிய செயலியோ, செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் பிரஸ் நோட்டோ வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாணவி அன்று நகராட்சிக்குச் சொல்லவிருந்த ஆலோசனையையே மாற்றினாள். நிர்வாகம் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், அது கேட்க வேண்டும் என்றாள். அதற்கு வழிவிட்டது ஒரு அளவீட்டு அட்டவணை.

பிரம்பும் வேண்டியிருந்தது

கருவி வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. அதனால் 2017-ல் கொஞ்சம் கடுமை வந்தது. அந்த வருடம் பாங்காக்கில் கூடிய ஏமெக் மாநாட்டில் ஏ.வி.இ.-யை ஒழிக்கும் இயக்கமே தொடங்கியது. பிரிட்டனின் பட்டயம் பெற்ற மக்கள் தொடர்பு நிறுவனமான சி.ஐ.பி.ஆர். அதே வருடம் தன் உறுப்பினர்களுக்குத் தடை அறிவித்தது: ஒரு வருட அவகாசம், அதற்குப் பிறகும் பயன்படுத்துகிறவர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். விருதுகளிலும் கை வைத்தார்கள். விண்ணப்பத்தில் ஏ.வி.இ. எண் இருந்தால் அளவீட்டுப் பகுதிக்கு மதிப்பெண்ணே இல்லை என்று சில அமைப்புகள் விதித்தன.

விருது என்பது இந்தத் துறையில் சின்ன விஷயம் இல்லை. பதவி உயர்வு, புது கிளையன்ட் எல்லாம் அதை ஒட்டித்தான். விருது விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மாறினால், அதை நிரப்புவதற்காகவே வருடத் தொடக்கத்தில் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும். பத்துக் கருத்தரங்கு செய்யாததை அந்த ஒரு கட்டம் செய்தது. விண்ணப்பப் படிவமும் ஒரு பாடப்புத்தகம்தான் என்று நான் புரிந்துகொண்டது அப்போதுதான்.

கூடவே ஏமெக் கல்லூரி என்ற பெயரில் இணையவழிச் சான்றிதழ்ப் படிப்புகள், ஒவ்வொரு நவம்பரிலும் அளவீட்டு மாதம் என்று இலவசக் கூட்டங்கள். கொள்கைகளையும் சும்மா விட்டுவைக்கவில்லை. 2015-ல் ஒருமுறை, 2020-ல் ஒருமுறை திருத்தினார்கள். 2020 திருத்தத்தில் எனக்குப் பிடித்த மாற்றம் கடைசிக் கொள்கையில் இருக்கிறது. அளவீடு நேர்மையிலும் வெளிப்படைத்தன்மையிலும் வேரூன்றி, கற்றலுக்கு வழிசெய்ய வேண்டும் என்று சேர்த்தார்கள். பத்து வருடத்தில், கிளையன்டிடம் கணக்குக் காட்டும் வேலையாக இருந்தது, நாமே கற்றுக்கொள்ளும் வேலையாக மாறியிருக்கிறது. குறைந்தபட்சம் காகிதத்திலாவது.

வகுப்பறைக்குள்

மக்கள் தொடர்பு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து நூறு வருடம் ஆகிவிட்டது. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான எட்வர்ட் பெர்னேஸ் 1923-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார். 1947-ல் பாஸ்டன் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு தனிப் பள்ளியைத் தொடங்கியது. அமெரிக்காவில் மக்கள் தொடர்புக் கல்விக்கென்று ஒரு ஆணையம் 1970களிலிருந்து இயங்குகிறது. ஆசிரியர்களும் தொழிலில் இருப்பவர்களும் சேர்ந்து உட்காரும் அமைப்பு அது. பாடத்திட்டத்தில் குறைந்தது என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது: அறிமுகம், ஆய்வுமுறையும் மதிப்பீடும், எழுத்து, பிரச்சாரத் திட்டமும் நிகழ்வு ஆய்வும், மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி. 2017 அறிக்கையில் ஆறாவதாக அறநெறியைத் தனிப் பாடமாக்கச் சொன்னார்கள்.

அறநெறியும் அளவீடும் வேறு வேறு பாடமாக இருந்தாலும் என் வகுப்பில் இரண்டையும் ஒட்டியே நடத்துகிறேன். மறியல் செய்திக்கு 7,20,000 என்று எழுதி கிளையன்டிடம் கொடுப்பது கணக்குப் பிழை மட்டும் இல்லை. தெரிந்தே கொடுத்தால் அது பொய்.

எங்கே நிற்கிறது

இதுவரை சொன்னதை வெற்றிக் கதையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் படித்துவிட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் ஆறு மாதத்தில் போன் செய்வார்கள். பெரும்பாலும் ஒரே புலம்பல்தான். "மேம், நீங்க சொன்ன மாதிரி குறிக்கோள் கேட்டேன். 'அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், இந்த மாசம் எத்தனை கவரேஜ்?'னு கேட்டாங்க." டெண்டர் படிவத்திலேயே ஏ.வி.இ. தர வேண்டும் என்று அச்சடித்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதை எழுதியவர் கெட்டவர் இல்லை. போன முறை இருந்த படிவத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு மூன்று வருடம் கற்றுக்கொடுத்து அனுப்பிவிட்டு, அவள் மேலதிகாரிக்கும் அவருடைய கிளையன்டுக்கும் ஒரு மணி நேரம்கூடச் சொல்லாமல் விட்டால், அந்த மூன்று வருடம் முதல் மாதமே கரைந்துவிடும். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் இப்போது என் நேரத்தில் பாதியை நிறுவனங்களின் நிதி, கொள்முதல் பிரிவினருக்குச் செலவிடுகிறேன். அவர்களிடமும் ஸ்கேலைத்தான் கொடுக்கிறேன். மாணவர்கள் "தப்பா அளந்துட்டேனா?" என்று கேட்ட இடத்தில், நிதிப் பிரிவினர் வேறொன்று கேட்கிறார்கள்: "ரேட் கார்டு விலைக்கு யார் விளம்பரம் வாங்குகிறார்கள்? நாங்கள் எப்போதும் தள்ளுபடியில்தானே வாங்குகிறோம்?" எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களே அதன் ஓட்டையை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இத்தனை நாள் அவர்களிடம் ஸ்கேலைக் கொடுக்காதது எங்கள் தவறு.

இன்னொரு தடை, பழைய கள் புது மொந்தையில் வருவது. செய்தித்தாளுக்குப் பதில் இன்ஸ்டாகிராம், யூடியூப். லைக்குக்கு இத்தனை ரூபாய், பார்வைக்கு இத்தனை ரூபாய் என்று பெருக்கி "ஊடக மதிப்பு" என்று மென்பொருளே அச்சடித்துத் தருகிறது. ஸ்கேலாவது கையில் இருந்தது, எப்படி வந்தது என்று கேட்டால் காட்ட முடிந்தது. இந்த எண் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று கேட்டால் பல சமயம் பதிலே வருவதில்லை. வெளிப்படையாக, இன்னொருவர் செய்து பார்க்கும்படி இருக்க வேண்டும் என்ற அந்தக் கொள்கை 2010-ல் சம்பிரதாயமாகத் தெரிந்தது. இப்போது என் மாணவர்களுக்கு நான் முதலில் நடத்துவது அதைத்தான்.

சில மாதங்களுக்கு முன்பு, குப்பை வண்டியோடு நடந்த அதே மாணவி போன் செய்தாள். இப்போது ஒரு மருத்துவச் சேவை கிளையன்டைப் பார்த்துக்கொள்கிறாள். சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு மக்களை வரவழைப்பது வேலை. செய்தியில் ஒரு தொலைபேசி எண் கொடுத்து, அதற்கு யார் யார் அழைத்தார்கள், எத்தனை பேர் நாள் குறித்தார்கள், எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள் என்று ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறாள். ஏ.வி.இ.-யை எடுக்க அவள் ஆபீஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டாள்.

மீட்டிங்கில் கிளையன்ட் முதலில் கேட்டது, "அந்தப் பழைய நம்பர் எங்கேம்மா?"

"கடைசிப் பக்கத்துல இருக்கு சார்."

அவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். தலையசைத்தார். திரும்ப இரண்டாம் பக்கத்துக்கு வந்து, விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு கேட்டாராம்: "இந்த நாற்பது பேர் ஏன் பாதியிலேயே போனை வெச்சுட்டாங்க?"